தட்டில் வந்த கிராஷ் கார்டு

"வண்டி நீ வாங்கிருவ. அதுல மாட்ட வேண்டியதெல்லாம் யாரு மாட்டுவா?"

அத்தை இதைக் கேட்டபோது நான் வாசலில் நின்று செருப்புச் சேற்றைக் குச்சியால் சுரண்டிக்கொண்டிருந்தேன். கேலியா அக்கறையா என்று பிரிக்க முடியாத குரல் அவருக்கு. அப்பாவின் அக்கா. லம்பா லைனில் சரிவின் மேல் அவருடைய வீடு. அதன் பின்பக்கத்து இரண்டு அறைகளில் நாங்கள். அப்பா ராமநாதபுரத்துப் பக்கமிருந்து கப்பலேறி இந்தத் தீவுக்கு வந்த நாளிலிருந்தே அங்கேதான் இருக்கிறோம். எங்கள் வாசலைத் திறந்தால் பத்தடியில் அத்தையின் அடுப்படி ஜன்னல். நான் எப்போது கிளம்புகிறேன், எப்போது திரும்புகிறேன், செருப்பில் இருப்பது எந்த ஊர்ச் சேறு என்பது வரை அந்த ஜன்னலுக்குத் தெரியும்.

"வெறும் வண்டிய ஓட்ட முடியுமா? நட்டு போல்ட்டுக்கெல்லாம் டிகிரி உதவாது தாயி."

நான் அடுத்த செருப்பைக் கையிலெடுத்தேன். பதில் சொல்லாமல் இருப்பதுதான் கெத்து என்று அப்போது நினைத்திருந்தேன்.

எங்கள் இரண்டு வீட்டிலும் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். அதற்கும் முன்னால், எங்கள் குடும்பத்தில் ஒரு பள்ளிக்கூடத்தை முழுசாக முடித்த முதல் ஆளும் நான்தான். ரேஷன் கார்டு, கரண்ட் பில், கப்பல் டிக்கெட், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று எழுத்து உள்ள எந்தக் காகிதம் உள்ளே வந்தாலும் அது என் கைக்கு வந்துவிடும். அத்தை எதையும் பொறுத்து வைத்துக்கொள்ள மாட்டார். கையில் காகிதம் கிடைத்த நிமிஷமே அந்தப் பத்தடியைக் கடந்து வந்து, "இதுல என்ன போட்டிருக்குன்னு பாரு" என்று நீட்டுவார். எனக்கு அதில் உள்ளூரப் பெருமை.

அந்தப் பெருமைக்கு அடியில் அத்தை இருக்கிறார் என்பதையும் சொல்ல வேண்டும். அப்பாவும் அம்மாவும் கட்டட வேலைக்குப் போய்விட, என்னைப் பள்ளியில் சேர்க்கக் கூட்டிப்போனவர் அவர். சேர்க்கைப் படிவத்தில் பாதுகாவலர் என்ற இடத்தில் இருப்பது அவருடைய கட்டைவிரல் ரேகை. அவர் வீட்டு முன்னறை மேஜையில்தான் நான் எழுதப் படிக்கக் கற்றேன். மேஜையின் மறுபக்கத்தில் அவருடைய மகன் உட்கார்ந்திருப்பான். என்னைவிட இரண்டு வயது மூத்தவன். எனக்கு முறைப்பையன்.

பள்ளியில் பிள்ளைகள் எல்லோரும் பெரிய பையன்களைப் 'பையா' என்றுதான் கூப்பிடுவோம். தீவின் இந்தியில் அண்ணன் என்று அர்த்தம். பஸ் கண்டக்டர் பையா, மீன்காரர் பையா, டீக்கடைக்காரரும் பையா. ஒருநாள் அதே வாயோடு வீட்டுக்கு வந்து அவனையும் பையா என்றுவிட்டேன். அத்தை அடுப்பிலிருந்து கரண்டியோடு எழுந்து வந்தார். "கட்டிக்கிற முறையில இருக்கிறவனை அண்ணன்னு கூப்பிடுவியா? வாயில சூடு வச்சிருவேன். மச்சான்னு சொல்லு." சொன்னேன். எனக்கு ஏழு வயது. கல்லூரிக்குப் போன பிறகு மச்சான் என்பதை விட்டுவிட்டேன். அதற்குப் பதிலாக வேறு எதையும் சொல்லவும் இல்லை. "இந்தா", "கேட்டுச்சா", "சாவி எங்க" என்று பெயரோ முறையோ இல்லாமலேயே பல வருஷம் பேசிவிட்டோம். அவன் எட்டாவதோடு நின்று, வண்டிப் பட்டறையில் வேலை பழகி, இப்போது பஜார் சந்தில் வண்டி சாமான்கள் விற்று மாட்டித் தரும் கடை வைத்திருக்கிறான்.

எனக்கு விவசாயத் துறையில் கள உதவியாளர் வேலை, ஒப்பந்தத்தில். தண்ணீருக்கு அந்தப் பக்கம். காலையில் பஸ் பிடித்துச் சாத்தம் படகுத்துறை, அங்கிருந்து வண்டிகளும் ஏறும் படகில் பம்பூஃபிளாட், அங்கிருந்து ஷோல் பே பக்கம் போகும் பஸ். அந்தப் பஸ்ஸை விட்டால் அடுத்ததற்கு அரை நாள். பாக்குத் தோப்பில் நோயைப் பார்த்துக் குறித்துக்கொண்டு நிற்கும்போதே கண் கடிகாரத்தில் இருக்கும். யாராவது தோப்புக்காரர் பைக்கில் படகுத்துறை வரை கொண்டுவந்து விட்டால் அன்று மாலை அத்தையின் ஜன்னலில் அது பேச்சாகிவிடும். "இன்னிக்கு யாரு வண்டி?"

அதனால்தான் வண்டி. அந்தச் செம்மண் சரிவுகளில் ஸ்கூட்டரின் சின்னச் சக்கரம் நிற்காது, கியர் பைக்தான் வேண்டும். கல்லூரித் தோழியின் வண்டியில் ஓட்டப் பழகி, லைசன்ஸும் வாங்கியிருந்தேன்.

ஷோரூமுக்கு அப்பாவோடு போனேன். விற்பனையாளர் என்னைப் பார்த்து, "மேடம், லேடீஸ் லோக் தோ ஸ்கூட்டி லேதே ஹைன்" என்றார். பெண்கள் ஸ்கூட்டர்தானே எடுப்பார்கள் என்று. அடுத்து என் பின்னால் எட்டிப் பார்த்து, "பையா நஹீ ஆயே?" அண்ணன் தம்பி யாரும் வரவில்லையா என்று.

"வண்டி எனக்கு. என் பேர்ல எழுதுங்க" என்று நானும் இந்தியிலேயே சொன்னேன்.

அதற்குப் பிறகும் அவர் அப்பாவைப் பார்த்தேதான் பேசினார். விழுந்தால் எஞ்சினைக் காக்கும் கம்பியான கிராஷ் கார்டு, ஃபாக் லைட், சீட் கவர் என்று ஒரு பட்டியலை அப்பாவிடம் நீட்டினார். அப்பா அதைப் பார்க்காமலே என் மடிக்குத் தள்ளினார். எல்லாவற்றையும் இங்கேயே மாட்டித் தருவோம், வெளியே மாட்டினால் வயரிங்குக்கு வாரண்டி போய்விடும் என்று அப்பாவிடமே விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் காது சூடாகிவிட்டது. பட்டியலை மடித்து மேஜையில் வைத்து, "தேவையில்லை. வெளியே போட்டுக்குறோம்" என்றேன்.

ரோஷத்தில் சொன்ன சொல். எங்களுக்கு 'வெளியே' என்றால் ஒரே ஒரு கடைதான் என்பது படி இறங்கி ரோட்டுக்கு வரும்போதுதான் உறைத்தது.

கப்பல் பத்து நாள் தாமதமாகி, ஒருவழியாக வண்டி வந்தது. முருகன் கோயில் வாசலில் எலுமிச்சம்பழம் நசுக்கி, நானே ஓட்டிக்கொண்டு சரிவேறி வந்தேன். அத்தை ஆரத்தி எடுத்தார். வண்டியை ஒருமுறை சுற்றிவந்து, பின்சக்கரத்துப் பக்கம் குனிந்து, "ஜாலி சின்னதா இருக்கே" என்றார்.

சேலை கார்டைத் தீவில் ஜாலி என்போம். இந்தியில் கம்பி வலை. சேலை சக்கரத்தில் சிக்காமலிருக்கக் கம்பெனியே ஒன்றை மாட்டித்தான் அனுப்பியிருந்தது.

"நான் சேலை கட்டுறதில்லையே அத்தை."

"இப்ப கட்டுறதில்ல" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் தட்டுகள் வந்தன. நான் படகிலிருந்து இறங்கி வீடு வந்து சேர்ந்தபோது, அத்தையின் முன்வாசலிலிருந்து சுவரைச் சுற்றி ஒரு சின்ன ஊர்வலமே எங்கள் வாசலுக்கு வந்துகொண்டிருந்தது. கிராஷ் கார்டு ஒரு தட்டில் அடங்கவில்லை. இரண்டு பித்தளைத் தட்டுகளின் மேல் குறுக்கே கிடத்தி, பக்கத்து வீட்டுப் பெண்கள் இருவர் ஆளுக்கொரு பக்கம் ஏந்தி, காலடி ஒத்துப்போகாமல் நண்டு மாதிரி நடந்து வந்தார்கள். அதன் கம்பியில் மூன்று இடத்தில் சந்தனம், குங்குமம். அடுத்த தட்டில் சீட் கவரும் ஃபாக் லைட்டும். கடைசித் தட்டு அத்தையின் கையில். வெற்றிலை, பூ, ஒரு சீப்பு வாழைப்பழம், நடுவில் பளபளவென்று ஒரு பெரிய ஜாலி.

எதிர்வீட்டு பெங்காலி அக்கா படலைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தார். "க்யா ஹை தீதி? ஷாதி ஹை க்யா?" என்ன அக்கா, கல்யாணமா என்று.

"ஹோ ஜாயேகா" என்றார் அத்தை. ஆகிவிடும் என்று.

தட்டைத் தூக்கி வந்தவர்களில் ஒருத்தி சிரிப்பை அடக்க முடியாமல், "கல்யாணத்துக்கு அப்புறமும் இவளுக்கு ஜாலிதான்" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். எதற்குச் சிரிக்கிறோம் என்று எனக்கு அப்போதும் முழுசாகப் புரியவில்லை. அதற்குள் அம்மா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு வந்து, இரண்டு கையாலும் தட்டை வாங்கிவிட்டாள்.

"புதன்கிழமை நல்ல நாளு" என்றார் அத்தை. "அவன் வந்து மாட்டுவான். இங்க, நம்ம வாசல்லயே. நாலு பேருக்குச் சொல்லியிருக்கேன். காப்பி போட்டாப் போதும்."

அவர்கள் போன பிறகு அம்மாவிடம் கேட்டேன். "ஏம்மா வாங்குன?"

"வந்த தட்டை வாசல்ல நிக்க வைக்கச் சொல்றியா?"

"சரி, திருப்பிக் குடுத்துருவோம்."

"என்னத்தை வச்சுக் குடுப்ப?" அம்மா தட்டுகளை ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே பேசினாள். "வெறுந்தட்டாக் குடுக்கக் கூடாது. வெத்தலை பூ பழம் வச்சுக் குடுத்தா தட்டு மாத்துன கணக்காயிரும், நிச்சயம் முடிஞ்சுச்சுன்னு ஊருக்கே சொல்லிருவாங்க. கொண்டுவந்த சாமானை அப்படியே வச்சுக் குடுத்தா, அப்புறம் அந்த வாசலை நாம மிதிக்க முடியாது. இந்த வாசலும் அவுங்களுதுதான்."

"குடுக்காம வச்சுக்கிட்டா?"

"வச்சுக்கிட்டா சம்மதம்."

அம்மா என்னைப் பார்த்தாள். "நீதான் படிச்சவ. நீ ஒரு வழி சொல்லேன்." அதில் குத்தல் எதுவும் இல்லை. நிஜமாகவே கேட்டாள்.

சனிக்கிழமை ஷோரூமுக்குப் போனேன். அதே விற்பனையாளர். வெளியிலிருந்து வந்த சாமானை நாங்கள் தொடமாட்டோம் என்றார். சரி, உங்கள் சாமானையே மாட்டுங்கள் என்றேன். இருப்பு தீர்ந்துவிட்டதாம், அடுத்த கப்பலில் வருமாம். எந்தக் கப்பல் என்று கேட்டேன். சிரித்தார். தீவில் பிறந்துவிட்டு இப்படிக் கேட்கலாமா என்கிற சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை நானே மாட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். கையேட்டை எடுத்து இரண்டு முறை படித்தேன். வண்டியோடு வந்த ஸ்பானர்களைச் சாக்கில் பரப்பினேன். எந்த போல்ட் எங்கே என்று பத்து நிமிஷத்தில் பிடிபட்டுவிட்டது. ஆனால் கிராஷ் கார்டின் குணம் ஒன்று கையேட்டில் இல்லை. ஒருவர் அதை வண்டியின் மார்போடு சேர்த்துத் தூக்கிப் பிடித்தால்தான் இன்னொருவர் போல்ட் போட முடியும். முழங்காலால் முட்டுக் கொடுத்துப் பார்த்தேன். மேல் துளை சேர்ந்தால் கீழ்த் துளை நழுவியது. ஒருமுறை கம்பி நழுவி என் காலில் விழுந்தது.

"அப்பா, செத்த பிடிங்களேன்."

அப்பா நிலைப்படியில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். எழுந்தார். இரண்டு எட்டு வைத்தவர், பத்தடிக்கு அப்பாலிருந்த ஜன்னலைப் பார்த்தார். அங்கே அத்தை வெங்காயம் உரித்துக்கொண்டு எங்களையே பார்த்திருந்தார். அப்பா நின்றுவிட்டார்.

"புதன்கிழமை வரட்டுமே. அவன் வேலை தெரிஞ்சவன். சுத்தமான கை."

"வேலையப் பத்தி யாருப்பா பேசுறா?"

அப்பா குரலைத் தாழ்த்தினார். "அக்கா இல்லேன்னா உனக்குப் பள்ளிக்கூடம் ஏது?"

இருபத்து நான்கு வருஷத்தில் அவர் அதை ஒருமுறைகூடச் சொன்னதில்லை. நான் ஸ்பானர்களைப் பொறுக்கிப் பையில் போட்டேன்.

திங்கட்கிழமை வண்டியை வெறுமனேதான் படகில் ஏற்றினேன். படகில் கயிறு கட்டுகிற தெலுங்குக்காரர் என் வண்டியைத் தட்டி, "காடி கோ குச் பெஹ்னாவோ மேடம், ஷரமாத்தி ஹை" என்றார். வண்டிக்கு எதையாவது உடுத்திவிடுங்கள், வெட்கப்படுகிறது என்று. அன்று மழை. ஷோல் பே தாண்டி ஒரு தோப்புக்கு இறங்கும் சரிவில் பின்சக்கரம் வழுக்கி, வண்டி மெதுவாக, ஏதோ களைத்துப் படுப்பதைப் போல இடது பக்கம் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் மட்டும் சிராய்ப்பு. வண்டிக்கு இண்டிகேட்டர் உடைந்து, எஞ்சின் ஓரத்தில் கீறல். கிராஷ் கார்டு இருந்திருந்தால் இரண்டும் இல்லை. வண்டியைத் தூக்கி நிறுத்திவிட்டு அந்தச் சேற்றிலேயே கொஞ்ச நேரம் நின்றேன். அந்தக் கம்பி வேண்டாம் என்று இனி சொல்ல முடியாது. அது என் வாசலில் சந்தனம் பூசிக் கிடக்கிறது. அதை எடுக்கவும் முடியாது.

மாலையில் அத்தை கீறலைப் பார்த்துவிட்டார். ஒன்றும் திட்டவில்லை. முழங்கையில் மஞ்சள் வைத்துவிட்டு, "நாளன்னைக்கு எல்லாம் சரியாயிரும்" என்றார். கை இதமாக இருந்தது. அதுதான் கஷ்டம்.

எதையெல்லாம் செய்ய முடியாது என்று யோசித்து யோசித்து, கடைசியில் படகில் கயிறு கட்டுகிறவர் கூப்பிட்ட விதம்தான் திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அவர் என்னை மேடம் என்கிறார், நான் அவரைப் பையா என்கிறேன், வண்டி அக்கரைக்குப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. அதற்கு மேல் ஒன்றுமில்லை.

செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்பு எடுத்தேன். சாமான்களைத் தட்டிலிருந்து எடுத்து, சந்தனத்தைத் துடைத்து, ஒரு பாக்குச் சாக்கில் போட்டுப் பின் சீட்டில் கட்டினேன். ஜாலியையும் சேர்த்து. கிராஷ் கார்டு சாக்குக்கு வெளியே இரண்டு கொம்பு மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது.

ஜன்னலிலிருந்து குரல் வந்தது. "எங்க தூக்கிட்டுப் போற?"

"மாட்டத்தான் அத்தை."

"அவன் நாளைக்கு இங்க வருவான்ல?"

"கடையிலயே மாட்டிக்கிறேன்."

அத்தையின் முகம் மலர்ந்துவிட்டது. "அம்புட்டு அவசரமா!" என்று சிரித்தார். உள்ளே யாரிடமோ திரும்பி, "ஒரு நாள் பொறுக்க மாட்டேங்குறா" என்றதும் கேட்டது. நான் கிளட்ச்சைப் பிடித்துச் சரிவில் இறங்கினேன்.

அவன் கடை வாசலில் ஒரு ஸ்கூட்டரின் முன் குந்தி உட்கார்ந்திருந்தான். இரண்டு பேர் தங்கள் முறைக்குக் காத்து நின்றார்கள். என்னைப் பார்த்ததும் அவன் முகத்திலும் ஒரு சிரிப்பு எழுந்தது. எழுந்து முடிவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றியது. நான் சைடு ஸ்டாண்டைப் போட்டேன்.

"பையா" என்றேன். "யே சாமான் லகானா ஹை."

இந்தச் சாமானை மாட்ட வேண்டும், அவ்வளவுதான். காத்திருந்த இருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவர்கள் காதுக்கு அது ஒரு கடையில் கேட்கிற சாதாரணப் பேச்சு. அவன் கையிலிருந்த ஸ்பானர் மட்டும் நின்றது. ஏழு வயதில் நான் அந்தச் சொல்லைச் சொன்னபோது அவனும் மேஜையின் மறுபக்கம் இருந்தான். கரண்டியோடு அவன் அம்மா எழுந்து வந்ததையும் பார்த்தான்.

ஒரு துணியை எடுத்துக் கையைத் துடைத்தான். விரல் விரலாக, நகத்திடுக்கு வரை துடைத்தான். அவனுக்கு வருத்தமா நிம்மதியா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பிறகு என் தோளுக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டு, எல்லா வாடிக்கையாளரிடமும் பேசுகிற குரலில் சொன்னான்.

"டைம் லகேகா, தீதி. பைட்டியே."

நேரம் ஆகும் அக்கா, உட்காருங்கள். என்னைவிட இரண்டு வயது மூத்தவன்.

என் முறை வந்தபோது சாக்கைப் பிரித்தான். கிராஷ் கார்டைத் தூக்கி, ஒரு முனையை என் பக்கம் நீட்டினான். "பிடி." பிடித்தேன். ஒரே மூச்சில் நான்கு போல்ட்டையும் போட்டு முடித்தான். ஃபாக் லைட்டுக்கு வண்டியின் வயரை வெட்டவில்லை. தனி வயர் ஒன்றைச் சொருகி, "கம்பெனி வயரைத் தொடல. நீ படிச்ச புக்குல இதைத்தானே போட்டிருக்கான்?" என்றான். ஆமாம் என்றேன். அப்பா சொன்னது சரிதான். சுத்தமான கை.

கடைசியில் சாக்குக்குள் கைவிட்டு ஜாலியை எடுத்தான்.

"கம்பெனி ஜாலியே போதும். இது வாபஸ்" என்றேன்.

அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "அம்மா ரெண்டு மணி நேரம் கடையில உக்காந்து செலக்ட் பண்ணுனாங்க" என்றான். பிறகு தமிழிலேயே, மெதுவாக, "அவங்ககிட்ட யாரு சொல்றது?"

"சீட்டு எழுதிக் குடு" என்றேன். "எல்லாருக்கும் எழுதிக் குடுக்கிற மாதிரி."

அவன் கல்லாவுக்கு மேலே தொங்கிய சீட்டுப் புத்தகத்தை எடுத்து முட்டியில் வைத்து எழுதினான். வாடிக்கையாளர் என்ற இடத்தில் என் பெயர். மாட்டியவை ஒவ்வொன்றாக, எதிரே விலையோடு. கீழே, ஜாலி ஒன்று, வாபஸ். நான் பணத்தை எண்ணி வைத்ததும், தேதி போட்டுக் கையெழுத்தும் போட்டுக் கிழித்துத் தந்தான்.

வீட்டுக்கு வந்தபோது அத்தை தண்ணீர்க் குழாயடியில் இருந்தார். தட்டுகளைக் கழுவித் துடைத்து அடுக்கினேன். மேல் தட்டில் வெற்றிலை வைக்கவில்லை. பூ வைக்கவில்லை. ஜாலியை வைத்தேன், அதன் மேல் சீட்டை மடிக்காமல் வைத்தேன். வெறுந்தட்டும் இல்லை, தட்டு மாற்றுவதும் இல்லை. அம்மா அடுப்பை அணைத்துவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தடுக்கவில்லை.

அத்தையின் அடுப்படி மேடையில், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் தட்டை வைத்துவிட்டுத் திரும்பி வந்தேன். கடை மூடி அவன் வர இன்னும் நேரமிருக்கிறது. அதுவரை அத்தை பொறுக்க மாட்டார். காகிதத்தைக் கையில் எடுத்துக்கொண்டு, என்ன போட்டிருக்கிறது என்று கேட்க, பத்தடி கடந்து என்னிடம்தான் வருவார்.

எங்கள் கதவை அகலத் திறந்து வைத்து, நிலைப்படிக்கு நேரே உட்கார்ந்துகொண்டேன். குழாயடியில் தண்ணீர் நின்றது. வாளியைத் தூக்கும் சத்தம் கேட்டது.